மண் அணைத்த சுவரில் ஓதம்: டெல்டா வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையோரம் இருக்கிறது. அப்பா 1984-ல் கட்டியது. அப்போது வாசலில் நான்கு படி. இன்று ஒன்றரைப் படிதான் வெளியே தெரிகிறது, மீதி சாலைக்குள் போய்விட்டது. கொல்லைப் பக்கம் இன்னும் மோசம். வடக்குச் சுவரில் வெளி மண் உள் தரையைவிட ஒன்றேகால் அடி உயரத்தில் நின்றது. அந்தச் சுவரைக் காய வைக்க எனக்கு மூன்று மழைக்காலமும் இரண்டு தப்பான வேலையும் ஆயின. அதன்பிறகு சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் சுவரிலும் ஓதம் இருக்கிறது. அது மண்ணிலிருந்து வருவதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஈரம் எந்த உயரத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெளியே மண் எந்த மட்டம் வரை அணைத்திருக்கிறதோ, உள்ளே ஏறக்குறைய அதே மட்டத்தில், அதற்குச் சற்று மேலே கோடு போட்டது போல ஓதம் நின்றால் பக்கவாட்டு மண் ஈரம். வீட்டின் எல்லாச் சுவர்களிலும், நடுச்சுவரில்கூட, இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஒரே மாதிரி ஏறியிருந்தால் கடக்காலிலிருந்து, அதாவது அஸ்திவாரத்திலிருந்து, உறிஞ்சி மேலே வரும் ஈரம். ஒரே இடத்தில் வட்டமாக, வெயில் காலத்திலும் மாறாமல் இருந்தால் குழாய்க் கசிவு. மேலிருந்து கீழே வழிந்த தடம் இருந்தால் மாடியைப் பாருங்கள், மண்ணைத் திட்ட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

கடைசியாக, வெளியே அந்தச் சுவரோரம் ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் ஒரு குழி போட்டுப் பாருங்கள். எனக்கு அந்தக் குழியிலேயே பாதிக் கதை விளங்கிவிட்டது. மேல் மண் காய்ந்திருந்தது. ஒரு சாண் கீழே களிமண் வெண்ணெய் போல வழுவழுவென்று இருந்தது, செங்கல்லை நகத்தால் கீறினால் மாவாக வந்தது.

கட்டும்போது மண் கீழேதானே இருந்தது? எப்படி ஏறியது?

வாசல் பக்கம் குற்றவாளி சாலை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயரும், வீடு பள்ளத்துக்குப் போகும். 2021-ல் தலைமைச் செயலாளரே பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுச்சாலை போட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உங்கள் தெருவில் சாலை வேலை வரும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். ஜல்லி கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கொல்லைப் பக்கம் குற்றவாளி நாம்தான். கிணறு தூர் வாரிய மண், செப்டிக் டேங்க் தோண்டிய மண், பழைய சமையற்கட்டு இடித்த செங்கல் எல்லாம் எங்கே போயிற்று என்று யோசியுங்கள். சுவரோரம்தான். அதன்மேல் வருஷாவருஷம் சருகு, சாம்பல், எருக்குப்பை. எங்கள் வீட்டில் போதாக்குறைக்கு நாலு வாழை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வீணாகக்கூடாதென்று அம்மா அதற்குத் திருப்பிவிட்டிருந்தார். தினமும் எட்டுப் பத்துக் குடம் தண்ணீரை நாமே சுவருக்கு ஊட்டியிருக்கிறோம். வாழை நன்றாகத்தான் காய்த்தது.

சிமெண்ட் பூசிய செங்கல் சுவர். அது எப்படி இவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

ஒரு செங்கல்லை எடை போட்டு, வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு, மறுநாள் எடை போடுங்கள். எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சினாலும் அது நல்ல செங்கல்தான் என்கிறது இந்தியத் தர அளவு. மூன்று கிலோ கல் 600 கிராம் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். வேகாத கல் இன்னும் அதிகம் குடிக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்து, திரி எண்ணெயை ஏற்றுவது போல ஏற்றும். பழைய வீடுகளில் கடக்கால் முழுக்கக் களிமண் சாந்து, கேட்கவே வேண்டாம்.

சாதாரணமாகப் பேஸ்மட்டத்தின் மேல், அதாவது கடக்காலிலிருந்து உள் தரை மட்டம்வரை எழுப்பிய அடிச்சுவரின் மேல், ஒரு தடுப்பு வைப்பார்கள்: வாட்டர் புரூப் கலந்த கான்கிரீட்டோ, தாரோ, கருங்கல் வரிசையோ. ஈரம் அதற்குமேல் ஏறாது. மண் அந்தத் தடுப்பையே தாண்டிப் போய்விட்டால், தடுப்பு இருந்தும் இல்லாத கணக்கு.

டெல்டா களிமண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. சித்திரை வெயிலில் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. கோடை மழை ஒன்று கொட்டினால், தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே கடக்காலுக்குப் போய் நிற்கும். பிறகு மண் ஊறி உப்பி வாயை மூடிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே அடைபட்டுவிடும். பட்டுக்கோட்டைப் பக்க மணற்பாங்கான மண்ணிலும், வல்லம் செம்மண்ணிலும் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை, தண்ணீர் இறங்கிவிடும். ஒரு பிடி ஈர மண்ணைக் கையில் உருட்டுங்கள். கயிறு போலத் திரிக்க முடிந்தால் நீங்கள் எங்கள் கட்சி.

உள்ளே நல்ல வாட்டர் புரூப் பெயிண்ட் அடித்தால் போதாதா?

அதைத்தான் நான் முதலில் செய்தேன். பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பூசி, பட்டி போட்டு, கடைக்காரர் பத்து வருஷம் தாங்கும் என்று சொன்ன பெயிண்ட்டை இரண்டு கோட் அடித்தேன். புரட்டாசியில் அழகாக இருந்தது. கார்த்திகையில் ஒருநாள் பீரோவை நகர்த்தினால், பின்னால் அப்பளம் போலக் கொப்புளம். விரலால் அழுத்தினேன், நொறுங்கி விழுந்தது. உள்ளே பஞ்சு போல வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அது மட்டுமல்ல, முன்பு இரண்டடியில் நின்ற ஓதக் கோடு மூன்றடிக்கு ஏறியிருந்தது.

காரணம் சாதாரணம். பின்னால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. முன்னால் ஆவியாகிப் போகிற வழியை அடைத்துவிட்டோம். அது அடைப்புக்கு மேலே ஏறி வழி தேடும். தண்ணீரில் கரைந்து வந்த உப்பு பெயிண்ட்டுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

மறு வருஷம் டைல்ஸ் ஒட்டினேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாவது முறை வந்த கொத்தனார் வயதானவர். உள்ளே வந்து பார்க்கவே இல்லை. நேரே கொல்லைக்குப் போனார், மண்மேட்டில் ஏறி நின்றார். "தம்பி, செவுத்துல ஒரு வேலையும் இல்ல. இந்த மண்ண எடுங்க, தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு சொல்லுங்க. அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்றார். அன்றைய கூலிகூட வாங்கவில்லை.

மண்ணை எவ்வளவு இறக்க வேண்டும்?

உள் தரை மட்டத்துக்குக் கீழே குறைந்தது அரை அடி. முடிந்தால் ஒரு அடி. பேஸ்மட்டத் தடுப்பு எங்கே என்று தெரிந்தால் அதற்கு அரை அடி கீழே. மழைத்துளி தரையில் விழுந்து தெறித்தே சுவரை நனைக்கும் என்பதால்தான் இந்த அரை அடி. மண்ணை இறக்க இடம் இருக்கிறவர்கள் இதைச் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். பலருக்கு இதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது.

முழுக் கொல்லையையும் இறக்க முடியாது. என்ன செய்வது?

சுவரோரம் மட்டும் இறக்குங்கள். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, திறந்த வாய்க்கால். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டடி தள்ளி ஒரு சின்னத் தடுப்புச் சுவர் கட்டி மண்ணை அதற்கு அப்பால் நிறுத்துவது. நடுவில் கான்கிரீட் தளம், ஒரு பக்கமாகச் சரிவு. தடுப்புச் சுவரில் நாலடிக்கு ஒரு துளைக்குழாய் விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் தேங்கும் தண்ணீர் அதைத் தள்ளிவிடும். விளக்குமாறு உள்ளே போகிற அகலம் கட்டாயம் வேண்டும். சருகு அடைத்துக்கொண்டால் அது வாய்க்கால் இல்லை, தொட்டி. நான் செய்தது இதைத்தான். கண்ணுக்குத் தெரிகிற வாய்க்காலை யாராவது கூட்டுவார்கள். மண்ணுக்குள் இருக்கும் குழாய் அடைத்தால் ஓதம் திரும்ப வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு, மூடிய ஜல்லி வடிகால். இடம் இல்லாதவர்களுக்கும், மேலே நடக்க வேண்டியவர்களுக்கும். சுவரோரம் ஒன்றரை அடி அகலத்தில், உள் தரைக்கு ஒரு அடியாவது கீழே போகும்படி தோண்டி, சுவரைச் சுத்தம் செய்து வெளிப்பூச்சு முடித்தபின், அடியில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, இரண்டு அங்குலம் ஜல்லி போட்டு, துளையிட்ட நாலு அங்குல பி.வி.சி. குழாய் பதிக்க வேண்டும். துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பல பேர் மேல்பக்கம் வைக்கிறார்கள், அப்படி வைத்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே இறங்கும், குழாய்க்குக் கீழே தேங்கும் தண்ணீரும் வெளியேறாது. மேலே முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, துணியை மடித்து மூடி, அதன்மேல் அரை அடி களிமண்ணையோ கான்கிரீட் பட்டையையோ சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி போட வேண்டும். மூன்றடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு போதும். துணிக்குப் பதில் சாக்கு, பழைய சேலை போடாதீர்கள். மட்கிவிடும், அப்புறம் களிமண் ஜல்லிக்குள் இறங்கிவிடும்.

சரி, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மலைப்பக்க ஊர்களில் குழாயைக் கீழ்ப்பக்கம் நீட்டிவிட்டால் போதும். நமக்குக் கீழ்ப்பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி. கல்லணையிலிருந்து கடல்வரை பூமி தாம்பாளம் போலத் தட்டை. வெளியேற வழி இல்லாமல் களிமண்ணில் ஜல்லி வடிகால் போட்டால், வீட்டைச் சுற்றி நாமே ஒரு தொட்டி கட்டி மழைத்தண்ணீரைச் சேமித்து வைத்த மாதிரி. முன்பைவிட ஓதம் கூடும். அப்படிக் கூடிய இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும்.

எனவே முதல் வேலை மட்டம் பார்ப்பது. ஒரு நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, சுவரோரத்தின் மட்டத்தையும் தண்ணீர் விடப்போகிற இடத்தின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். நூறுக்கு ஒன்று சரிவு வேண்டும். இருபதடிச் சுவருக்கு இரண்டரை அங்குலம். அதிகம் இல்லை, ஆனால் கண்ணால் பார்த்துப் போட்டால் கிடைக்காது.

விடுகிற இடம் எது? பாசன வாய்க்காலில் விடாதீர்கள். பாசன வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்பதற்காக மேட்டில் ஓடுவது. சம்பா காலத்தில் அதன் தண்ணீர் மட்டம் உங்கள் தரையைவிட உயரமாக இருக்கும், குழாய் வழியாக வாய்க்கால் வீட்டுக்குள் வரும். பள்ளத்தில் ஓடும் வடிகாலைத் தேடுங்கள். ஆனால் கடைமடைப் பக்கம் ஒரே வாய்க்கால்தான் பாசனத்துக்கும் வடிகாலுக்கும். அங்கே ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறுகிறது என்று பக்கத்தில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். பாலத்தின் தூணில் பாசிக்கோடு இருக்கும், அதையும் பாருங்கள். குழாய் வாய் அதற்குமேல் இருக்க வேண்டும், அல்லது தண்ணீர் திரும்பி வராதபடி ஒருவழி வால்வு வைக்க வேண்டும்.

எங்கும் வழி இல்லை என்றால் உறை இறக்க வேண்டும். மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறை இரண்டை வீட்டு மூலையில் இறக்கி, அடியைக் கான்கிரீட் போட்டு மூடி, சுவரோர வாய்க்கால் தண்ணீரை அதில் விழவிட்டு, மிதவை சுவிட்ச் உள்ள சின்ன மோட்டார் வைத்துத் தெரு வடிகாலுக்கு இறைப்பது. எங்கள் வீட்டில் இதுதான். மின்சாரம் இல்லாத இரவில் வாளியோடு நிற்க வேண்டும் என்பதும் கணக்கில் சேர்த்தி. 2018-ல் கஜா புயல் அடித்தபின் எங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது நினைவிருக்கிறவர்கள் ஜெனரேட்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட்டும் விட்டு வைப்பார்கள்.

உறிஞ்சுகுழி போடலாமே என்பார்கள். போடும் முன் ஒரு அடிக் குழி வெட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். நான் ஊற்றியது மறுநாள் சாயங்காலமும் தவளை குளிக்கிற அளவுக்கு இருந்தது.

மாடித் தண்ணீரையும் மறக்காதீர்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர். அது இறங்கும் குழாய் சுவரடியிலேயே முடிகிறதா என்று போய்ப் பாருங்கள். முடிந்தால், இந்தப் பக்கத்தை மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு எல்போ வாங்கி, குழாயைச் சுவரைவிட்டுப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள்.

எந்த மாதத்தில் செய்யலாம்?

மாசியிலிருந்து வைகாசிக்குள். தை அறுவடை முடிந்து, மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடியபின் நிலத்தடி மட்டம் மெல்ல இறங்கும். ஜூன் 12-ல் திறக்கும் வழக்கத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு அதற்குள் தோண்டி, பூசி, மூடிவிட வேண்டும். குறுவைக்குத் தண்ணீர் வந்து பக்கத்து வயல் நிரம்பியபின் தோண்டினால் குழியில் ஊற்று வரும், பூச்சு ஒட்டாது.

சுவரோரம் தோண்டினால் வீடு சாயாதா?

சாயலாம். பயம் நியாயமானதுதான். கடக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு அங்குலம்கூடத் தோண்டக்கூடாது. பழைய ஓட்டு வீடுகளில் கடக்கால் இரண்டரை அடிதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. முதலில் ஒரு மூலையில் ஒற்றைக் குழி போட்டுக் கடக்கால் எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். நாலடி தோண்டி, நாலடி விட்டு, மறுபடி நாலடி. திறந்த பகுதியை முடித்து மூடியபின் விட்ட பகுதி. பொக்லைன் கூப்பிட்டால் அரை மணியில் முடியும் என்பார்கள். மண்சாந்துச் சுவருக்கு அந்த அதிர்வே ஆகாது, மண்வெட்டிதான் நல்லது. தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்காதீர்கள். நாலடிக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் பலகை அணை கொடுக்காமல் ஆளை இறக்கக்கூடாது, களிமண் சொல்லாமல் சரியும். சுவரில் ஏற்கெனவே குறுக்கு வெடிப்பு இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டே மண்வெட்டியைத் தொடுங்கள்.

வெளிப்பக்கம் என்ன பூசுவது?

கம்பி பிரஷ்ஷால் மண்ணையும் பாசியையும் தேய்த்து எடுங்கள். சாந்து போன மூட்டுகளை அரை அங்குலம் சுரண்டி, புதிதாக அடைக்க வேண்டும். ஒரு வாரமாவது வெயில் படவிடுங்கள். பிறகு ஒன்றுக்கு நாலு சிமெண்ட் கலவையில் வாட்டர் புரூப் சேர்த்து அரை அங்குலம் பூச்சு, ஏழு நாள் தண்ணீர் காட்டுவது. அதன்மேல் சிமெண்ட்டோடு பாலிமர் திரவம் கலந்து பூசும் இரண்டு பாகப் பூச்சு இரண்டு கோட், ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு. தார்ப் பெயிண்ட்டும் வேலை செய்யும், விலை குறைவு. ஆனால் மண் மூடாமல் வெயில் படுகிற இடத்தில் வெடித்துப் போகும்.

மண்ணைத் திரும்பத் தள்ளும்போது செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் பூச்சைக் கிழிக்கும். அதற்காகக் குமிழ் குமிழாகப் புடைத்த கெட்டி பிளாஸ்டிக் தாள் ஒன்று பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. குமிழ்ப் பக்கம் சுவருக்கும் தாளுக்கும் நடுவில் கொஞ்சம் காற்றிடம் விடும், தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். திறந்த வாய்க்கால் விடுகிறவர்களுக்கு இது தேவையில்லை.

உள்ளே?

அவசரப்படாதீர்கள் என்பதுதான் முதல் பதில். ஓதக் கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுங்கள். அதில்தான் உப்பு இருக்கிறது, மிச்சம் வைத்தால் புதுப்பூச்சுக்கும் தாவும். செங்கல்மேல் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். செங்கல்லைத் திறந்தபடியே சில மாதம் விடுங்கள். விருந்தாளி வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு பூசும்போது பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. ஒரு பங்கு ஊறவைத்த சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல். கொஞ்சம் சுர்க்கி, அதாவது வெந்த செங்கல் பொடி, சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஈரச் சுவரில் இறுக ரொம்ப நாள் எடுக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்த காலம் போய்விட்டது, அரைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் விடாதீர்கள். சுவர் மூச்சுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் பட்டியும் எனாமலும் அந்தப் பக்கமே வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றுகிறார்களே, அது?

வெளி மண்ணுக்கு அரை அடி மேலே, வரிசையாக நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, சிலிக்கான் வகைக் குழம்பை ஏற்றுவது. அது செங்கல்லுக்குள் பரவி, தண்ணீர் ஏறாத ஒரு பட்டையாகும். கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு நல்ல வைத்தியம். பக்கத்தில் மண் அணைத்திருக்கும் சுவருக்கு அதனால் பயனில்லை, அந்தப் பட்டைக்குக் கீழே மண் அணைத்த பகுதி ஈரமாகவேதான் இருக்கும். மண்ணை இறக்கி, ஒரு வருஷம் காய விட்டு, அப்போதும் ஓதம் ஏறினால் யோசியுங்கள்.

உள் தரையை உயர்த்திவிட்டால் பிரச்சினை தீராதா?

தண்ணீர் உள்ளே வருவது நிற்கும், ஓதம் நிற்காது. முன்பு வெளியே மட்டும் மண், இப்போது உள்ளேயும் மண். சுவர் இரண்டு பக்கமும் ஊறும். நிலைப்படி தலையில் இடிக்கும், ஜன்னல் முழங்காலுக்கு வரும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பீம் போட்டுக் கட்டிய வீட்டுக்கு அது நடக்கிற காரியம். களிமண் சாந்தில் கட்டிய பாட்டன் காலத்து வீட்டை அப்படித் தூக்க எனக்குத் தைரியம் வராது.

மண் பக்கத்து வீட்டுக்காரருடையது. தோண்டவிட மாட்டேன் என்கிறார்.

எங்கள் அத்தாச்சி வீட்டில் இதே கதை. முதலில் அவரைக் கூப்பிட்டு உங்கள் சுவரைக் காட்டுங்கள். வெளியே நின்று சண்டை போட்டால் அவருக்கு ஓதம் தெரியாது. அத்தாச்சி காபி கொடுத்து உட்கார வைத்த இடம் சுவரோரம். சட்டையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது, மறு வாரம் மண்மேட்டை அவரே ஆள் விட்டு எடுத்தார்.

எடுக்கவே மாட்டேன் என்றால் உள்பக்கம்தான் தடுக்க முடியும். அதற்குத் தாரோ சாதாரணப் பெயிண்ட்டோ ஆகாது, பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் அதைக் கழற்றிவிடும். செங்கல்வரை கொத்திவிட்டு, செங்கல்லோடு இறுகப் பிடிக்கும் சிமெண்ட் வகைப் பூச்சுதான். அது ஓதத்தை மறைக்கும், சுவர் ஈரமாகவேதான் இருக்கும்.

நாகை, வேதாரண்யம் பக்கம். கோடையிலும் சுவர் ஈரமாகவே இருக்கிறது.

உப்பு. கடலோரத்தில் நிலத்தடி நீரே உவர்ப்பு, அதைச் சுவர் வருஷக்கணக்காகக் குடித்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுக்கும். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசிகிறதே, அதேதான். மண்ணை எடுத்து வடிகால் போட்ட பிறகும் பழைய பூச்சு இருக்கிறவரை ஈரம் போகாது. அதனால் உங்களுக்குப் பூச்சை மாற்றுவது கட்டாயம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு நல்ல தண்ணீர் லாரியில் வாங்குங்கள். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம்.

ஓதச் சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கிறது.

இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இல்லையென்றால் போடுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

கரையானுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மண் தரைமட்டத்துக்கு மேல் அணைத்திருந்தால் கரையான் வெளியே புற்றுக்கோடு போடாமலேயே நிலைக்கட்டைக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு நிலை தட்டிப் பார்த்தால் பானை போல ஒலித்தது. பள்ளம் திறந்திருக்கும்போதே கரையான் மருந்தும் விட்டுவிடுங்கள், இன்னொரு முறை தோண்ட வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

கூலி ஊருக்கு ஊர் மாறும், அளவைச் சொல்கிறேன். இருபதடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் 75 கன அடி மண். ஜல்லி வடிகால் என்றால் மேல் மூடி போக முக்கால் யூனிட்டுக்குள் ஜல்லி அடங்கும், ஒரு யூனிட் 100 கன அடி. நாலு அங்குலக் குழாய் இருபதடி ஒன்று. மண் வெட்ட இரண்டு ஆள், பூச்சுக்கு ஒரு கொத்தனார், ஒரு சித்தாள். பகுதி பகுதியாகச் செய்வதால் நாள் கூடும், அதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்றும் யோசித்து வையுங்கள். அது நனைந்து உப்பிய களிமண், வண்டிக்கணக்கில் வரும். எங்களுடையது தென்னந்தோப்புக்குப் போயிற்று.

எல்லாம் முடிந்தது. எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

சுவர் காய ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும். சித்திரையில் வேலை முடித்தால் அந்த வருஷ மழையைக் கொத்திய செங்கல்லோடுதான் கழிக்க வேண்டும். அது நல்லதுதான், வடிகால் வேலை செய்கிறதா என்று ஒளிவுமறைவில்லாமல் தெரியும். மறுபடி பாலித்தீன் தாளை ஒட்டிப் பாருங்கள். கார்த்திகையிலும் உள்பக்கம் நீர் கோக்கவில்லை என்றால் தையில் பூசலாம்.

எங்கள் சுவரைப் பூசி நாலு வருஷம் ஆகிறது. மூலையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அளவுக்கு இன்னும் ஐப்பசியில் நிறம் மாறுகிறது. அங்கேதான் பழைய வாழைக்கட்டை வேர் கடக்காலுக்குள் போயிருந்தது. அதை வருஷத்துக்கு ஒருமுறை தட்டி, வெள்ளையடித்துவிடுகிறேன்.